நேரடித் தேர்வு என்று வந்த கடிதம்: பெங்களூரில் ஓர் அழகிப் போட்டி விவகாரம்

இது 2024 ஜூனில் தொடங்கி டிசம்பரில் பாதி முடிந்த விஷயம். சம்பந்தப்பட்ட பெண்ணும் அவள் அம்மாவும் "எழுதுங்க, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவர்கள் பெயரோ வேலை பார்க்கும் இடமோ இதில் இருக்காது. போட்டி நடத்தியவர்கள் பெயரையும் விட்டுவிட்டேன். இதே முறையில் நடத்துகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஒரு பெயரை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு இன்னொருவரிடம் போய்ப் பணம் கட்டினால் இதைப் படித்து என்ன பிரயோஜனம்.

நான் பதினாறு வருடமாக பெங்களூரில் ஃபேஷன் ஷோ, விருது விழா, அழகிப் போட்டி என்று நிகழ்ச்சிகளில் மேடைக்குப் பின்னால் வேலை பார்க்கிறேன். யார் எப்போது ஏற வேண்டும், எந்தப் பாட்டு எங்கே நிற்க வேண்டும், எந்த லைட் எப்போது அணைய வேண்டும் என்று காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு சொல்கிற வேலை. அழகிப் போட்டி கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அந்த மேடையில் ஏறி நின்று பேசக் கற்றுக்கொண்ட பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த விவகாரம் என்னை இவ்வளவு வருத்தியது.

பின்னணி

குடும்பம் அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. அப்பா சுல்தான்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் பார்க்கிறார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைக்கிறார். ஆடி முடிந்து கல்யாண சீசன் தொடங்கிவிட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அந்த வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். பெண்ணுக்கு அப்போது 23 வயது. பி.காம் முடித்து ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். காலேஜ் கலைவிழாவில் இரண்டாம் இடம், பிறகு ஒரு மாலில் நடந்த போட்டியில் முதல் பத்துக்குள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் கூச்சமில்லாமல் பேசுவாள். என்னை அக்கா என்பாள், அவள் அம்மாவை நான் அக்கா என்பேன், அப்படித்தான் பழகிவிட்டது.

அப்பாவுக்கு இது பிடிக்காது. காரணம் 1996. அந்த வருடம் நவம்பர் 23ஆம் தேதி மிஸ் வேர்ல்டு இறுதிப் போட்டி நம் சின்னசாமி ஸ்டேடியத்தில் நடந்தது, அமிதாப் பச்சனின் ஏபிசிஎல் நிறுவனம் நடத்தியது. விவசாயிகள் சங்கம், பெண்கள் அமைப்புகள், கட்சிக்காரர்கள் என்று ஆளுக்கொரு காரணத்தோடு தெருவில் இறங்கினார்கள். நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மதுரையில் ஓர் இளைஞர் எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்து இறந்தார். கடைசியில் கிரீஸ் நாட்டு ஐரீன் ஸ்க்லீவா ஜெயித்தார். அப்பா அப்போது அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன். எதிர்ப்பு நோட்டீஸ் கட்டுக்கட்டாக அடித்துக் கொடுத்ததும், அந்த மதுரைப் பையன் செய்தியை ராத்திரி ஷிஃப்டில் தமிழ்ப் பேப்பரில் படித்ததும் அவருக்கு இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. அழகிப் போட்டி என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு அந்த முகம்தான் ஞாபகம் வரும் போல.

மால் போட்டிக்குப் பிறகு அப்பாவும் மகளும் இதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் அவள் தனியாக எடுத்த முடிவுகளுக்கெல்லாம் அந்த மௌனத்தில் பங்கு உண்டு.

கடிதம் வந்த விதம்

ஜூன் முதல் வாரத்தில் இன்ஸ்டாகிராமில் ஒரு மெசேஜ். "உங்கள் ப்ரொஃபைல் எங்கள் குழுவால் தேர்வு செய்யப்பட்டிருக்கிறது." மறுநாள் வீடியோ காலில் ஒரு நேர்காணல், மொத்தம் நான்கு நிமிடம். பெயர், உயரம், ஏன் கலந்துகொள்ள ஆசைப்படுகிறாய், ஒரு தடவை எழுந்து சுற்றிக் காட்டு, அவ்வளவுதான். அடுத்த நாள் காலை கடிதம் வந்துவிட்டது: பெங்களூர் பட்டத்துக்குத் தேர்வு, ஆடிஷன் இல்லாமல் தேசிய இறுதிச் சுற்றுக்கு நேரடி நுழைவு, அதில் ஜெயித்தால் தென்கிழக்கு ஆசியாவில் நடக்கும் சர்வதேசப் போட்டியில் இந்தியாவின் பிரதிநிதி. பதிவுக்கும் க்ரூமிங் என்கிற மேடைப் பயிற்சிக்கும் சேர்த்து 35,000 ரூபாய், 48 மணி நேரத்துக்குள் கட்ட வேண்டும். அன்று சாயங்காலமே அவள் யுபிஐயில் கட்டிவிட்டாள்.

பத்து நாளில் கூரியர் வந்தது. ஒரு சான்றிதழ், ஒரு சாஷ் (பட்டம் எழுதி தோளில் குறுக்காகப் போடும் துணிப்பட்டை). கையெழுத்துப் போட்டு வாங்கியது அப்பா. சான்றிதழ் அட்டையைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "தங்க ஃபாயில் இல்ல இது, மஞ்ச கலரு. டிஜிட்டல் பிரிண்ட்டு. நாப்பது ரூபா ஆகும்" என்று மட்டும் சொல்லி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டாள். எனக்கு அது தொழில் தெரிந்தவர் சொன்ன சாட்சியாகப் பட்டது. அந்தச் சான்றிதழின் கீழ் மூலையில் வரிசை எண் ஒன்று இருந்தது: 214. ஒரே பட்டத்துக்கு இத்தனை சான்றிதழா என்று யோசிக்க வைக்கிற எண்.

அதைத் தூக்கிக்கொண்டு ஜூன் கடைசியில் என் வீட்டுக்கு வந்தாள். கண்ணில் அவ்வளவு சந்தோஷம். தேசிய இறுதிச் சுற்றுக்கான பேக்கேஜ் 1,20,000 ரூபாய், ஜூலை 10க்குள் முதல் தவணை 50,000 கட்ட வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், "அக்கா, கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

படித்ததில் தெரிந்தவை

ஒப்பந்தம் பதினொரு பக்கம். முதல் இரண்டு பக்கம் முழுக்கப் பெண் சக்தி, தன்னம்பிக்கை, உலக மேடை. விஷயம் ஐந்தாம் பக்கத்தில் தொடங்கியது.

எந்தக் காரணத்துக்காகவும் பணம் திரும்பத் தரப்படாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. நிகழ்ச்சி தேதியையும் ஊரையும் நடத்துபவர்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். பட்டம் எதுவும் கிடைக்காவிட்டாலும் மூன்று வருடத்துக்கு அவள் எடுக்கும் மாடலிங், நடிப்பு வேலை எல்லாவற்றிலும் 40 சதவீதம் அவர்களுக்கு. எடுக்கும் படங்கள் காலம் முழுவதும் அவர்களுடையவை. பெற்றோருக்கு மேடைக்குப் பின்னால் அனுமதி இல்லை. விசா வேலைக்காக பாஸ்போர்ட்டை ஒப்படைத்தால் நிகழ்ச்சி முடியும்வரை அவர்களிடமே இருக்கும். "உடல் அளவு சரிபார்ப்பு" என்று ஒரு வரி, யார் பார்ப்பார்கள், எந்த அறையில், கூட யார் இருக்கலாம் என்று எதுவும் இல்லை.

இந்தக் கடைசி வரிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 2023 ஆகஸ்டில் மிஸ் யூனிவர்ஸ் இந்தோனேசியா போட்டியில் உடல் பரிசோதனை என்ற பேரில் தங்களை ஆடை களையச் செய்து படமெடுத்தார்கள் என்று போட்டியாளர்கள் போலீஸில் புகார் கொடுத்தார்கள். உலக அமைப்பு அந்த நாட்டு உரிமத்தையே ரத்து செய்தது. அவ்வளவு பெரிய பெயருக்குக் கீழே நடந்த போட்டியிலேயே அப்படி ஒரு புகார் வந்தது என்றால், பெயர் தெரியாத இடத்தில் இப்படி ஒரு வரியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியுமா?

பணம் போன கணக்கையும் பார்த்தேன். யுபிஐ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்குப் போயிருந்தது. ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. தேசியச் சுற்றில் 60 பேர் என்று அவர்களே போட்டிருந்தார்கள். தலைக்கு 1,20,000 என்றால் 72 லட்சம், க்ரூமிங் காசு தனி. அதோடு கவுன் அவர்கள் சொல்லும் டிசைனரிடம்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும், 30,000 ரூபாய். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா இதைக் கேட்டதும், "நான் தைக்கிறேனே, எதுக்கு வாடகை?" என்றார். சரியான கேள்வி. 1994இல் மிஸ் இந்தியா மேடையில் சுஷ்மிதா சென் போட்ட கவுன், டெல்லி சரோஜினி நகர் சந்தையில் துணி வாங்கி வீட்டுப் பக்கத்துத் தையல்காரரிடம் தைத்தது, கையுறை சாக்ஸை வெட்டிச் செய்தது என்று அவரே பின்னால் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே வருடம்தான் மணிலாவில் மிஸ் யூனிவர்ஸ் ஆனார்.

இந்தப் போட்டிகள் எப்படி அமைகின்றன

அவளுக்கு நான் அன்று மொட்டை மாடியில் உட்கார்ந்து சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறைய பேருக்கு இந்தச் சங்கிலி தெரியவில்லை.

மேலே ஓர் உலக அமைப்பு இருக்கும். மிஸ் வேர்ல்டை 1951இல் எரிக் மோர்லி லண்டனில் தொடங்கினார். அவருக்குப் பிறகு அவர் மனைவி ஜூலியா மோர்லி நடத்துகிறார். மிஸ் யூனிவர்ஸ் 1952இல் அமெரிக்காவின் லாங் பீச்சில், ஒரு நீச்சலுடைக் கம்பெனியின் விளம்பர யோசனையாகப் பிறந்தது. அது பல கை மாறியது: 1996லிருந்து 2015 வரை டொனால்ட் டிரம்ப், பிறகு ஓர் அமெரிக்க நிறுவனம், 2022இல் தாய்லாந்தின் ஜேகேஎன் அதை 2 கோடி டாலருக்கு வாங்கியது. இந்த அமைப்புகள் யாரும் அல்சூருக்கு வந்து பெண் தேடப் போவதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஒருவருக்கு உரிமம் கொடுப்பார்கள், அவர்தான் நேஷனல் டைரக்டர். உரிமத்துக்குப் பணம் கட்டுவது அவர், தேசியப் போட்டி நடத்துவது அவர், ஜெயித்த பெண்ணைத் தயார்செய்து அனுப்புவதும் அவர். பெரிய போட்டிகளில் இந்தச் செலவு ஸ்பான்சர், ஒளிபரப்பு, டிக்கெட் என்று வெளியிலிருந்து வரும். போட்டியாளர் கட்டுவது பெரும்பாலும் ஒரு பதிவுத் தொகை.

உலக இறுதிச் சுற்று என்பது டிவியில் வரும் ஒரு ராத்திரி மட்டும் இல்லை. இரண்டு மூன்று வாரம் நடக்கும். மிஸ் யூனிவர்ஸில் நடுவர்களோடு மூடிய அறையில் நேர்காணல், நீச்சலுடை, கவுன், தேசிய உடை. மிஸ் வேர்ல்டில் திறமை, விளையாட்டு, சமூகப் பணித் திட்டம் என்று தனித்தனிப் பிரிவுகள்; நீச்சலுடைச் சுற்றை அவர்கள் 2014க்குப் பிறகு கைவிட்டுவிட்டார்கள். முதல் சுற்றுகளின் மதிப்பெண்ணில்தான் பெரும்பாலானவர்கள் வெளியே போவார்கள். மேடையில் கேட்கும் அந்த ஒரு கேள்வி கடைசியில் மிஞ்சும் நாலைந்து பேருக்குத்தான்.

இதில் நம் ஆட்கள் ஏமாறுவது எங்கே என்றால், உரிமம் நிரந்தரமானது என்று நினைப்பதில். மிஸ் யூனிவர்ஸுக்கு இந்தியாவிலிருந்து அனுப்பும் உரிமம் 2009 வரை ஃபெமினா மிஸ் இந்தியாவிடம் இருந்தது. 2010இலிருந்து மூன்று வருடம் சுஷ்மிதா சென் நடத்திய ஐ ஆம் ஷீ போட்டி. 2013இலிருந்து மிஸ் டீவா. 2024இல் கிளாமானந்த் என்ற நிறுவனம். மூன்று தடவை கை மாறியிருக்கிறது. ஆக, போன வருடச் சான்றிதழைக் காட்டி இந்த வருடம் யாரும் பேச முடியாது. இன்னொன்று, பெயர். மிஸ் இன்டர்நேஷனல் என்பது 1960இலிருந்து நடக்கிற பெரிய போட்டி. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் வாலில் ஒட்டிக்கொண்டு எத்தனையோ போட்டிகள் வந்துவிட்டன. அவளுக்கு வந்த கடிதத்தில் இருந்த பெயரும் தெரிந்த இரண்டு பெயர்களை வெட்டி ஒட்டியது போலத்தான் இருந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

போகாதே என்று நான் சொல்லவில்லை. அப்பா சொல்லி ஏற்கெனவே ஒரு கதவு மூடியிருந்தது, நானும் மூடினால் அவள் யாரிடமும் காட்டாமல் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று பயந்தேன். பத்து நாள் பணம் கட்டாமல் இரு, அதற்குள் இரண்டு விஷயம் விசாரிப்போம் என்றேன். ஒன்று, சர்வதேசப் போட்டியின் தலைமை அலுவலகத்துக்கு அவர்கள் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கே மெயில் போட்டு, இந்த வருட இந்திய உரிமம் யாரிடம் என்று கேட்பது. கடிதத்தில் அச்சடித்திருந்த முகவரிக்கு அனுப்பவே கூடாது, அது அவர்களுக்கே போகும். இரண்டு, இதே ஆட்கள் மூலம் முன்பு போன பெண்கள் யாரையாவது பிடித்துப் பேசுவது. அவள் ஒப்புக்கொண்டாள். மெயிலை அவளே எழுதினாள்.

நான் செய்த தவறு

ஜூலை 3ஆம் தேதி சாயங்காலம் அவள் அம்மாவைக் கோயில் தெருவில் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, ஒப்பந்தத்தில் இருந்ததை எல்லாம், அந்த உடல் அளவு வரி உட்பட, அங்கேயே சொல்லிவிட்டேன். அவளிடம் கேட்காமல் சொன்னேன். அவள் என்னை நம்பிக் கொடுத்த தாள் அது. ராத்திரி வீட்டில் பெரிய சண்டை, அப்பாவும் ஒரு வருடம் கழித்து வாயைத் திறந்தார், திறந்ததும் 1996தான் வந்தது.

அடுத்த நாள் ஆபீஸிலிருந்தபடியே அவள் கிரெடிட் கார்டில் 50,000 ரூபாயைக் கட்டிவிட்டாள். ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை, அது என் வீட்டில் இருந்தது. போட்டி நடத்தும் பெண்மணி அன்று போனில், "இருபத்தி மூணு ஆயிடுச்சு, இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான், அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் அதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கும். மிஸ் யூனிவர்ஸில் முன்பு 28 வயது வரைதான் என்று இருந்தது. கல்யாணமானவர்களும் தாய்மார்களும் 2023இலிருந்து கலந்துகொள்கிறார்கள், 2024இலிருந்து மேல் வயது வரம்பே இல்லை. அந்த ஒரு தகவல் அன்று அவள் கையில் இருந்திருந்தால் அந்த அவசரத்துக்கு அவசியமே வந்திருக்காது. நான் வயது விதியைப் பற்றி மாடியில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் என்னோடு அவள் பேசவில்லை.

வந்த பதில்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து ஜூலை 9ஆம் தேதி பதில் வந்தது, மூன்றே வரி. இவர்களுக்கு 2022இல் உரிமம் இருந்தது, புதுப்பிக்கவில்லை, இந்த வருடம் இந்தியாவுக்கு வேறொருவர் பொறுப்பு. அதாவது முழுப் பொய் இல்லை, காலாவதியான உண்மை. அவர்கள் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்த மேடைப் படங்களெல்லாம் நிஜப் படங்கள்தான், 2022இல் எடுத்தவை. இப்படிப் பாதி நிஜமாக இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஜூலை 17ஆம் தேதி ராத்திரி, 2022இல் இவர்கள் மூலம் வெளிநாடு போன ஒரு பெண் பேசினார். என் நல்ல நேரம், அவளே என்னையும் அந்த போன் காலில் சேர்த்தாள். அந்தப் பெண் யாரையும் திட்டவில்லை. மொத்தம் 26 நாட்டுப் பெண்கள், ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது, பார்க்க வந்தவர்கள் போட்டியாளர்களின் குடும்பமும் மற்ற நாட்டு டைரக்டர்களும்தான். டிவி இல்லை. விமானம், விசா, தேசிய உடை, பரிசுப் பொருள் என்று ஏறக்குறைய ஐந்து லட்சம், அந்தப் பெண்ணின் அப்பா கடன் வாங்கிக் கட்டியது, கடன் இன்னும் முடியவில்லை. "அங்க கிடைச்ச ஃப்ரெண்ட்ஸ் நெஜம், அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா இந்தியாவை ரெப்ரசென்ட் பண்ணேன்னு சொல்லும்போது எங்கயோ உறுத்துது" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவள், "அக்கா, பாஸ்போர்ட் வாங்கினாங்களா?" என்று கேட்டாள். வாங்கினார்கள், திரும்பக் கிடைக்கப் பதினெட்டு நாள் ஆனது.

நான் சொன்ன எதுவும் செய்யாததை அந்த ஒரு மணி நேரம் செய்தது.

விலகல்

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவர்களே வேலையைச் சுலபமாக்கினார்கள். கோவாவில் என்று சொன்ன தேசியச் சுற்று டெல்லிக்குப் பக்கத்தில் என்று மாறியது, தேதி ஒன்றரை மாதம் தள்ளிப்போனது, இட மாற்றத்துக்காக இன்னும் 15,000 கேட்டார்கள். விலகுகிறேன் என்று அவளே மெயில் எழுதினாள். காரணமாக மூன்றே விஷயம்: உரிமம் பற்றித் தவறான தகவல், இடமும் தேதியும் மாறியது, ரசீதில் வரி விவரம் இல்லை. கோபமாக எழுதியிருந்த ஒரு பத்தியை நான் எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் பின்னால் வழக்கு என்று போனால் அந்த மெயில்தான் முதல் தாள். பணம் கட்டிய திரைக்காட்சிகள், மெசேஜ்கள், தலைமை அலுவலகப் பதில், எல்லாவற்றையும் அச்சகத்தில் பிரிண்ட் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கி ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்தது அப்பா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஜையில் வைத்தார்.

பதிலுக்கு மிரட்டல் வந்தது: எல்லாப் போட்டிகளிலும் உன்னைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்போம். அப்படி எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவான பட்டியலை இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை. ஒவ்வொரு அமைப்பும் இன்னொன்றுக்குப் போட்டி, யார் யாருக்குப் பட்டியல் கொடுப்பார்கள்? சிவாஜிநகரில் ஒரு வக்கீல் மூலம் செப்டம்பரில் நோட்டீஸ் அனுப்பினோம். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் தயாராக இருந்தது. 2019 சட்டப்படி அவள் வசிக்கும் பெங்களூரிலேயே புகார் கொடுக்கலாம், டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. அப்போது இருந்த இ-தாகில் என்ற புகார் இணையதளத்திலேயே போட்டுவிடலாம் என்று இருந்தது. தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் என்று அந்தச் சட்டமே ஒரு வகையைச் சொல்கிறது. "திரும்பத் தரப்படாது" என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டாலே விஷயம் முடிந்துவிடாது என்று வக்கீல் சொன்னபோது அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது.

நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் சமாதானத்துக்கு வந்தார்கள். அக்டோபரில் 25,000, டிசம்பரில் 25,000. முதலில் கட்டிய 35,000 க்ரூமிங்குக்கு ஆகிவிட்டது என்றார்கள். அந்த க்ரூமிங் என்பது எட்டு வீடியோ காலில் நடந்த வகுப்பு, ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு மேல். வழக்குப் போடுவோம் என்று நான் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள். ஆபீஸில் ஆடிட் நேரம், இதிலேயே ஆறு மாதம் போய்விட்டது, "எனக்கு இதைத் தலையில இருந்து எறக்கி வைக்கணும் அக்கா." பணம் அவளுடையது, முடிவும் அவளுடையது, விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு

அடுத்த வருடம், நடத்துகிறவர்களிடம் உரிமம் இருக்கிறதா என்று முதலிலேயே சரிபார்த்துக்கொண்டு, பெங்களூரில் நடந்த ஒரு நேரடி ஆடிஷனுக்குப் போனாள். அம்மா தைத்த கருநீல கவுன், பட்டு ஜாக்கெட்டுக்குப் போடுகிற மாதிரி உள்ளே கை மடிப்பு. காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று மதியம் மூன்றுக்கு உள்ளே போனாள். முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டாள். உயரம், நடை, பேச்சு மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் எழுதிய தாளைக் காட்டினார்கள், நடையில் குறைவு. அழுதாள். ஆனால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறாள், ஏனென்றால் அவளுக்கு இதுவரை யாரும் உண்மையான மதிப்பெண் கொடுத்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் ஒத்திகை ஹாலில் ஹீல்ஸ் போட்டு நடக்கிறாள். 1966இல் முதன்முதலாக மிஸ் வேர்ல்டு ஜெயித்த இந்தியரான ரீட்டா ஃபாரியா மும்பையில் மருத்துவ மாணவி, பட்டத்துக்குப் பிறகு படிப்புக்கே திரும்பி டாக்டரானார் என்று அவள் அப்பாவிடம் ஒருநாள் சொன்னேன். "அப்படியா" என்றார். அவர் அந்த விஷயத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மறுபடி வந்தால் என்ன மாற்றுவேன்

வயது விதியை முதல் நாளே சொல்வேன். அவசரப்படுத்துகிறவர்கள் வயதைத்தான் பிடிப்பார்கள். ஒப்பந்தத்தை அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் கேட்பேன், அல்லது அவளையே சொல்ல வைப்பேன். முன்பு போய்வந்த பெண்ணோடு பேசுவதை இரண்டாவது வேலையாக வைத்தேன், அதுதான் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். பத்து நாள் காத்திருந்த மெயிலைவிட அந்த போன் கால் ஆழமாகப் போனது. 35,000 கட்டிய பிறகு வந்தவளிடம் அந்தப் பணத்தைப் பற்றியும் உடனே மெயில் போடச் சொல்லியிருக்க வேண்டும், நான் அடுத்த 50,000 போகாமல் நிறுத்துவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

அப்பாவை ஆரம்பத்திலேயே சேர்த்திருக்கலாம் என்றும் இப்போது தோன்றுகிறது. அந்த 214 என்ற எண்ணைப் பார்த்தது நான். அதைவிடப் பெரிய தடயத்தை அவர் மட்டும்தான் பார்த்திருந்தார், டிசம்பரில்தான் சொன்னார்: சாஷில் பெங்களூர் என்ற எழுத்துகள் அடித்திருந்த இடத்தில் துணிக்குக் கீழே வேறோர் ஊர்ப் பெயரை அழித்த தடம் இருந்ததாம்.

நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. அந்த ஸ்பைரல் புத்தகம் இப்போது அம்மாவின் தையல் மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்குக் கீழே இருக்கிறது.